மச்சாளுக்கு ஒத்துப்போன குளிசை எனக்கு ஒத்துவரவில்லை

திருகோணமலையில் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பது பெரிய கஷ்டம் இல்லை. அரச கிளினிக்கில் இலவசமாகத் தருவார்கள், பாமசியில் காசுக்கு வாங்கலாம். பதிந்து, கிளினிக் காட் எழுதி, குளிசை அட்டையைக் கையில் வாங்கும்வரை எனக்கும் எல்லாம் சுலபமாகத்தான் முடிந்தது. அதற்குப் பிறகு பட்டதைத்தான் எழுதுகிறேன். கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது பிள்ளை பால் மறந்த பிறகு போனேன். பிரஷர் பார்க்கும் மெஷின் அன்று வேலை செய்யவில்லை. "பரவாயில்ல, அடுத்த முறை பாப்பம்" என்றார் அங்கே இருந்தவர். 28 குளிசை உள்ள அட்டையை நீட்டி, "ராவில ஒண்டு, மறக்காமப் போடுங்கோ" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு ஒரு பக்கத் தலையிடி வரும். சில நேரம் தலையிடிக்கு முன்னால் கண்ணில் வெளிச்சம் தெரியும். அதற்கும் இந்தக் குளிசைக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?

முதல் அட்டையில் காலையில் வயிற்றைப் பிரட்டியது. சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகும்போது போடு என்று மச்சாள் சொன்னார். அதோடு அது நின்றது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. அவர் அதே கிளினிக்கில் அதே குளிசையைப் பல வருடமாக எடுக்கிறார். முன்பெல்லாம் மாதவிடாய் வந்தால் பாயை விட்டு எழும்ப மாட்டாராம். இப்போது வலியும் இல்லை, போக்கும் குறைவு, முகத்தில் பருவும் போய்விட்டது. இந்தக் குளிசையைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

இரண்டாவது அட்டை பாதி போயிருக்கும். குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். வலது கண் ஓரத்தில் வாள் பல்லு மாதிரி ஒரு வெளிச்சக் கோடு மினுங்கத் தொடங்கியது. கண்ணை மூடினாலும் போகவில்லை, மெல்ல மெல்லப் பெரிதாகி வந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் நின்ற பிள்ளையின் முகத்தில் பாதிதான் தெரிகிறது. சட்டியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். வெளிச்சம் மறைந்த கையோடு தலையிடி, சத்தி. அடுத்த கிழமையும் அதே மாதிரி வந்தது. முன்பு எப்போதாவது வந்தது, இப்போது கிழமைக்குக் கிழமை.

கிளினிக்குக்குப் போனால், இன்று குடும்பக் கட்டுப்பாட்டு நாள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நிலாவெளிப் பக்கத்திலிருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவளுக்கு அதுதான் பதில். சரியென்று அந்த நாளில் போனேன். காட் மூதூரில் அம்மா வீட்டில் இருந்தது. காட் இல்லாமல் பெயர் கூப்பிட முடியாதாம். தலையிடியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன், குளிசை எடுக்க வரவில்லை என்று எத்தனை தரம் சொல்லியும் எடுபடவில்லை. ஒருவழியாக வேறொருவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது வெயில் தலையிடி. பனடோல் ரெண்டு போடுங்கோ. தொடக்கத்தில எல்லாருக்கும் இப்பிடித்தான், மூண்டு மாசம் பொறுங்கோ" என்றார்.

இந்த மூன்று மாதக் கதையைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். வயிற்றுப் பிரட்டல், இடையில் கொஞ்சம் இரத்தம் படுவது, மார்பு நோவது, இதெல்லாம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும், பொறுக்கலாம். கண்ணில் வெளிச்சம் வந்து தலை இடிப்பது பொறுக்கிற விஷயமே இல்லை.

கடைசியில் என் கணவர் பின்னேரம் தனியாரில் ஒரு டொக்டரைச் சனல் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனார். பெண் டொக்டர். நான் சொல்லி முடிக்கும் முன்பே பேனையைக் கீழே வைத்துவிட்டார். "தலையிடிக்கு முதல் வெளிச்சம் தெரியுதா? கை, முகம் விறைக்குதா?" என்று கேட்டார். பிறகு பிரஷர் பார்த்தார், 110/70. "பிரஷர் நல்லாயிருக்கு. ஆனா இந்தக் குளிசைய இண்டைக்கே நிப்பாட்டுங்கோ" என்றார். அழுகையே வந்துவிட்டது. நான் சொன்னதை ஒருவர் நம்பிவிட்டாரே என்ற ஆறுதல்தான்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். நான் எடுத்தது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹோமோனும் சேர்ந்த குளிசை. பாமசியில் மித்துரி என்று விற்பதும் இந்த வகைதான். வெளிச்சத்தோடு வரும் மைக்ரேன், அதாவது என்னுடையது போன்ற ஒரு பக்கத் தலையிடி, உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். எந்த வயதானாலும் அவர்களுக்கு இந்த வகை வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும். பிரஷர் உள்ளவர்கள், முன்பு காலில் இரத்தம் கட்டியவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், இவர்களுக்கும் இது சரிவராது. இவ்வளவையும் கேட்டறிய இரண்டு நிமிடம் போதும்.

கிளினிக் வாங்கில் காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களோடு கதைத்தேன். அப்போதுதான் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கதை இருப்பது தெரிந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, மூன்று மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பாமசியில் இந்தக் குளிசையை வாங்கிப் போட்டிருக்கிறார். பால் குறைந்துவிட்டதாம். பால் கொடுக்கும் தாய்மாருக்கு முதல் ஆறு மாதம் ஈஸ்ட்ரோஜன் கலந்தது கொடுக்கக் கூடாது. புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள குளிசை, ஊசி, கைத்தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் குச்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன. அவருக்கு மிட்வைஃப் மூன்று மாதத்துக்கொரு டெப்போ ஊசிக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். மாதவிடாய் நின்றுவிட்டது, நிம்மதி என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அக்காவோ அதே ஊசியில் மாதவிடாய் நின்றதற்குப் பயந்து விட்டுவிட்டாராம். ஊசியால் அப்படி நிற்பது தீங்கில்லை என்று முதலே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்கவே மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சித்தியின் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பி.சி.ஓ.எஸ்., அதாவது ஹோமோன் குழம்பி மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும் பிரச்சினை, என்று டொக்டர் இதே குளிசையை எழுதிக் கொடுத்தார். துண்டை வாங்கிப் பார்த்த பாமசிப் பையன், கடை நிறைய ஆட்கள் நிற்க, "கல்யாணம் முடிஞ்சுதா?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறான். பிள்ளை மருந்து வாங்காமலே வந்துவிட்டாள். அதன் பிறகு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இதை எடுத்தால் பிறகு பிள்ளை தங்காது என்று சித்தியிடம் யாரோ சொல்லி, அவளுடைய அட்டை ஒருமுறை குப்பைக்கும் போனது. அது பொய். நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்ப வந்துவிடும். அவளுக்கு இப்போது மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, ஆனால் மனம் சோர்ந்துபோகிறது என்கிறாள். அதையும் டொக்டரிடம் சொல்லு, வேறு வகை மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு லூப் என்று முடிவானது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னச் சாதனம் அது. செம்பு சுற்றியது, ஹோமோன் இல்லை. டொக்டர் கொடுத்த கடிதத்தோடு போனேன். லூப் போடுபவர் அன்று வரவில்லை, இன்னொரு பஸ் பயணம் வீண். ஆகவே போவதற்கு முதல் நாள் உங்கள் பகுதி மிட்வைஃபுக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்த முறை எங்கள் மிட்வைஃப் தானே கூட வந்தார், கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. மாதவிடாய் முன்பைவிடக் கூடுதலாகப் போகிறது, அதை முதலே சொல்லித்தான் போட்டார்கள். தலையிடி பழையபடி எப்போதாவதுதான்.

குளிசை எடுப்பவர்கள் காட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். பிரஷர் பார்க்காமல் முதல் அட்டையை வாங்காதீர்கள். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்தவுடன் போடலாம். இரண்டு நாள், அதற்கு மேல் மறந்தால் தொடர்ந்து ஏழு ஹோமோன் குளிசை போடும்வரை ஆணுறையும் வேண்டும். டி.பி.க்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும் வலிப்புக்கு எடுக்கும் சில மருந்துகளும் குளிசையின் வேலையைக் குறைத்துவிடும், கட்டாயம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால், நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், திடீரென்று பார்வை போனால் அல்லது பேச்சுக் குழறினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.