ஐ.என்.ஆர். சரியாக இருந்தும் எனக்கு ரத்தம் நிற்கவில்லை

தையல்காரிக்கு ஊசி குத்துவது ஒரு விஷயமே இல்லை. குத்தினால் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். துணியில் சொட்டு பட்டுவிட்டால் எச்சில் தொட்டுத் துடைப்போம், அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில்தான் கேட்கும் என்று எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அக்கா சொல்வார்கள். அன்றைக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் சந்தன நிறப் பட்டு ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். இடது ஆள்காட்டி விரலில் குத்தியது. உறிஞ்சினேன், துடைத்தேன், மறுபடி வந்தது. பஞ்சு வைத்து அழுத்தினேன், எடுத்ததும் மறுபடி ஒரு சிவப்பு மணி. கடிகாரத்தைப் பார்த்தேன், கால் மணி நேரம் ஆகியிருந்தது. ரவிக்கையில் மூன்று இடத்தில் கறை.

எனக்கு ரத்தம் மெதுவாக உறையும் என்பது புதிய செய்தி இல்லை. சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, முப்பத்தொரு வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தார்கள். இப்போது நாற்பத்து மூன்று. பன்னிரண்டு வருஷமாக அசிட்ரோம் மாத்திரை, ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க இதை ஒரு நாள் கூட விடக்கூடாது. பிளட் தின்னர் என்று எல்லோரும் சொல்கிறோமே, ரத்தம் ஒன்றும் நீர்த்துப் போவதில்லை, உறைவதுதான் தாமதமாகும். மாதம் ஒரு தடவை ஐ.என்.ஆர். பார்ப்பேன், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டெஸ்ட் அது, எண் கூடினால் தாமதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மைட்ரல் உலோக வால்வுக்காரர்களுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் நிற்கும். முருங்கைக்கீரையைக் கூட வாரத்துக்கு ஒரே அளவாகத்தான் சாப்பிடுவேன், அவ்வளவு ஒழுங்கு. அதனால்தான் பன்னிரண்டு வருஷத்தில் ஊசி குத்தினால் மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆக, ஏதோ மாறியிருந்தது. என்ன மாறியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா போன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. உலோக வால்வு வைத்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி சத்தமெல்லாம் அடங்கின பிறகு நெஞ்சுக்குள் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். வழக்கமாகக் காது அதைக் கண்டுகொள்ளாது. அந்த நாட்களில் விடிய விடிய அதையே கேட்டுக்கொண்டு கிடப்பேன், இது நின்று போனால்தான் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்றிய மூன்றாவது ராத்திரி எனக்கே பயம் வந்து, வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவிலில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கப் போனேன். வீட்டில் லைனிங் துணி வாங்கப் போவதாகச் சொன்னேன். பொண்ணுக்குப் பத்தொன்பது வயது, "அவ அம்மா பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுறா" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதுமே. சொன்ன பொய்க்குத் தோதாக ஒவ்வொரு தடவையும் லைனிங் துணியும் வாங்கி வந்தேன்.

அந்த டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. "வேற மாத்திரை ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "இதயத்துக்கு ஒண்ணு" என்றேன். பெயர் கேட்டார், ஞாபகம் இல்லை என்றேன். பன்னிரண்டு வருஷம் தினமும் விழுங்குகிற மாத்திரையின் பெயர்! சொன்னால் பழைய டாக்டரிடம் பேச வேண்டும் என்பார், அப்படியே வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அடுத்த முறை சீட்டைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லி, செர்ட்ராலின் 25 மி.கி. ஒரு வாரம், பிறகு 50 என்று எழுதினார். அடுத்த முறையும் நான் சீட்டைக் கொண்டுபோகவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அசிட்ரோமை எங்கள் ஊர் மெடிக்கலிலும் செர்ட்ராலினை நாகர்கோவிலிலும் வாங்கினேன். அது ஃப்ரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் டப்பாவில், இது தையல் மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில்.

ஒன்று சொல்லிவிட வேண்டும், அந்த மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரத்தில் தூக்கம் வந்தது. பொண்ணு ஏதோ சொன்னதற்குச் சிரித்துவிட்டு, நாம் சிரித்தோமே என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அதே மூன்றாவது வாரத்தில்தான் ஊசிக் குத்து. அப்புறம் மேஜை விளிம்பு இடித்த தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக ரத்தக்கட்டு. பல் விளக்கினால் நுரையெல்லாம் சிவப்பு. அசிட்ரோம்தான் கூடிவிட்டது என்று நினைத்து லேபுக்கு ஓடினேன். ஐ.என்.ஆர். 2.9. "சரியா இருக்குக்கா, பயப்படாதீங்க" என்றார் லேப் தம்பி. நம்பர் சரியாக இருக்கும்போது நாம் என்ன சொல்வது? திரும்பி வந்தேன். கல்யாண சீசன், குனிந்தே இருந்ததில் இடுப்பு வலி. மெடிக்கலில் வலிக்கு மாத்திரை கேட்டேன், டைக்ளோஃபினாக் கலந்த பட்டை ஒன்றை வெட்டிக் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு நாள் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் கக்கூஸில் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுவென்று, இதுவரை தெரியாத ஒரு நாற்றத்தோடு போனது. எழுந்தபோது சுவர் சுற்றியது. அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருப்பது திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் போகும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்திருந்ததுதான்.

ஹீமோகுளோபின் 7.4. ஐ.என்.ஆர். 3.1. அதாவது இருக்க வேண்டிய எல்லைக்குள்தான். டூட்டியில் இருந்த பெண் டாக்டருக்கு என் பொண்ணை விட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்காரர் எடுத்து வந்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிப் படித்தார். வலி மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்தார். அப்போதும் விடவில்லை. வீட்டுக்காரரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, மனசுக்கு மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

மனசுக்கு மாத்திரை என்று அந்தப் பிள்ளை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னது! சொல்லிவிட்டேன்.

டாக்டர் விளக்கியதை நான் என் தொழிலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். காயம் பட்டால் முதலில் பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும், அது கையால் போடும் ஓட்டுத்தையல். அப்புறம்தான் உறைய வைக்கும் புரதங்கள் வந்து வலை பின்னி இறுக்கும், அது மெஷின் தையல். அசிட்ரோம் மெஷினை மெதுவாக்குகிறது, ஐ.என்.ஆர். பார்ப்பது அந்த மெஷின் வேகத்தை மட்டும். செர்ட்ராலின் கை வைப்பது ஓட்டுத்தையலில். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவுகிற செரடோனினை அவற்றால் தாமாகச் செய்துகொள்ள முடியாது, ரத்தத்திலிருந்துதான் இழுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். மூளையில் செரடோனினை உள்ளே இழுக்கிற எந்த வாசலை இந்த மாத்திரை அடைக்கிறதோ அதே வாசல்தான் தட்டணுவிலும் இருக்கிறது. சில வாரத்தில் அவற்றின் இருப்பு காலியாகிவிடுகிறது. இதையெல்லாம் ஐ.என்.ஆர். காட்டாது. தட்டணு எண்ணிக்கையும் காட்டாது, எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், வேலைதான் செய்யாது. இது போதாதென்று டைக்ளோஃபினாக், அது தட்டணுவையும் மந்தமாக்கி இரைப்பையின் உள்தோலையும் அரித்துவிடும். எண்டோஸ்கோப்பியில் அங்கங்கே அரிப்பும் ஒரு சின்னப் புண்ணும் தெரிந்தன.

இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அசிட்ரோமை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கொடுத்தால் வயிற்றில் கசியும். கசிவு நின்றது உறுதியானதும் ஹெப்பரின் என்கிற உறைவுத் தடுப்பு ஊசியில் ஆரம்பித்துப் பக்குவமாக மறுபடி அசிட்ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் நான் பட்டதை விட வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷன் பட்டது அதிகம்.

இதய டாக்டரும் நாகர்கோவில் டாக்டரும் என் எதிரிலேயே போனில் பேசினார்கள், பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. ஆறு வாரமாக நான் நடக்கவிடாமல் தடுத்த பேச்சு அவ்வளவுதான். செர்ட்ராலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள், திடீரென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வரும் என்றார்கள். பதிலுக்கு ராத்திரியில் மிர்டாசபின், அது அந்த வாசலை அடைக்காத வகை. ஆனால் அதுவும் ஐ.என்.ஆரைக் கொஞ்சம் ஏற்றக்கூடும் என்பதால் முதலில் வாரா வாரம் டெஸ்ட். வயிற்றுக்குப் பாதுகாப்பாகக் காலையில் வெறும் வயிற்றில் பாண்டோப்ரசோல். வலி என்றால் பாரசிட்டமால் மட்டும், அதுவும் கேட்டுவிட்டு. மிர்டாசபினில் பசி பிய்த்தெடுக்கிறது, என் ரவிக்கைகளையே பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், போகட்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே எதையும் நிறுத்திவிடாதீர்கள், இரண்டில் எதை நிறுத்தினாலும் அதற்கென்று ஆபத்து இருக்கிறது. எனக்கு வயிற்றில் கசிந்துவிட்டதால் மாற்றினார்கள். இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வயிற்றுக்குப் பாதுகாப்பு கொடுத்து, கவனித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னார். பிரிட்டனில் இதயத் துடிப்புக் கோளாறுக்கு உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களை வைத்து 2024இல் ஒரு பெரிய ஆய்வு வந்ததாம். இந்த வகை மனச்சோர்வு மாத்திரையும் சேரும்போது பெரிய ரத்தக்கசிவு வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, முதல் மாதத்தில்தான் மிக அதிகம். சின்ன எண்ணில் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் அது சின்ன எண்தான் என்றும் அவரே சொன்னார். எஸ்சிடலோபிராம், ஃப்ளூக்ஸெடின், பராக்ஸெடின் எல்லாம் இதே குடும்பம். ஃப்ளூவாக்சமின் என்றால் இன்னொரு வம்பும் உண்டு, கல்லீரல் இந்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளைச் சிதைப்பதையே அது தடுப்பதால் ஐ.என்.ஆரும் ஏறிவிடும். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் மாதிரிப் புது மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு (உலோக வால்வுக்கு அவற்றைக் கொடுக்க மாட்டார்கள்) வழக்கமாக ஐ.என்.ஆர். பார்ப்பதே இல்லை. அவர்கள் ஈறையும் தோலையும் மலத்தின் நிறத்தையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மறுபடி கறுப்பாகப் போக, நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகுமாம். அது கொஞ்சம் பச்சை கலந்த கறுப்பு, கட்டியாக இருக்கும். ரத்தம் கசிந்தால் தார் மாதிரி ஒட்டும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

இப்போது எல்லா மாத்திரையும் ஒரே டப்பாவில், ஃப்ரிட்ஜ் மேல். ஐ.என்.ஆர். நோட்டின் முதல் பக்கத்தில் பொண்ணு எல்லாப் பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள், மிர்டாசபின் உட்பட. பல் டாக்டர், மெடிக்கல், யாரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டிவிடுகிறேன்.

போன வாரம் நாகர்கோவிலுக்கு வீட்டுக்காரரும் கூட வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெயர் கூப்பிட்டதும் அவராகவே உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், "துணி எதுவும் வாங்கணுமா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லாமல்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டில் ஏற்கெனவே பதினேழு மீட்டர் லைனிங் கிடக்கிறது.