குழாய் சரி, தண்ணீர் வருகிறதா?

வளர்ச்சி வங்கிகள் கடன் கொடுத்த தண்ணீர்த் திட்டங்களை மதிப்பிடுவது என் வேலை. எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தார்கள் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, மோட்டார் பழுதானால் யார் பணம் தருவார்கள் என்றுதான் கேட்பேன்.

பொருத்தம், பயன்விளைவு, செயல்திறன், நிலைத்தன்மை என்று நான்கு அளவுகோல்கள். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கடைசி ஒன்றுதான். வசூலாகும் கட்டணம் மின்சாரச் செலவுக்கே போதாவிட்டால், நல்ல குழாயும் சில வருடங்களில் வீண்.

ஆசிய வளர்ச்சி வங்கி 2001-இல் 'அனைவருக்கும் தண்ணீர்' கொள்கையை ஏற்றது. ஆற்று வடிநிலம், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு, முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. ஆனால் ஒரு நாட்டில் எதற்கெல்லாம் கடன் கொடுப்பது என்று வங்கி வகுக்கும் உத்தியில் பாசனம் ஒரு பக்கம், குடிநீர் இன்னொரு பக்கம், கழிவுநீர் வேறெங்கோ இருந்தால்? மேலே பாசனத்துக்கும் கீழே நகரக் குடிநீருக்கும் ஒரே ஆற்றை நம்பித் தனித்தனியாகக் கடன் கொடுத்துவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் உத்தியைப் படிக்கும் முன் ஆற்றின் வரைபடத்தை மேசையில் விரித்துவிடுகிறேன்.