மணலிப் பக்கம் ஒரு தாங்கலைத் தூர்வார அனுமதி வாங்கிய கதை

மணலிப் பக்கம் எங்கள் தெருக்களுக்குப் பின்னால் கிடக்கும் தாங்கலை, அதாவது சின்ன ஏரியை, தூர்வாரிக் கரையைப் பலப்படுத்த எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒருவழியாக அனுமதி வந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்து யாராவது இந்த வேலையில் இறங்கினால் நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். பணத்தைப் புரட்டிவிடலாம், ஆட்களும் கிடைப்பார்கள், ஜேசிபி நாளைக்கே வரும். அந்தத் தண்ணீர் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று ஒரு வரி எழுத்தில் வாங்குவதற்குள்தான் உயிர் போய்விடுகிறது.

பொதுவான கணக்கு எல்லோருக்கும் தெரியும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் வயல், இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம், மாநகராட்சிக்குள் வந்துவிட்டால் மாநகராட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் தாங்கலுக்கு இப்போது ஆயக்கட்டே கிடையாது, பாய்ந்த வயலெல்லாம் எப்போதோ மனையாகிவிட்டது. மணலி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் பழைய பதிவேடு ஓரிடம், புதிய பதிவேடு ஓரிடம். போதாததற்கு நகர அளவை முடிந்து சர்வே எண்ணும் மாறிவிட்டது. நாங்கள் கொண்டுபோன வரைபடத்தில் ஒரு எண், அவர்கள் கணினியில் இன்னொரு எண்.

ஓர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். மனுவைக் கையில் வாங்கவே இல்லை. மேஜை மேல் இருந்ததை ஒரு விரலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "இது எங்க லிஸ்ட்ல இல்ல சார், அங்க போய்க் கேளுங்க" என்றார். அங்கே போனால், "நிலம் வருவாய்த்துறையுது, முதல்ல அவங்க தடையின்மைச் சான்று குடுக்கட்டும்." சரி என்று அங்கே போனால், "பராமரிக்கிற துறை கேட்டாத்தானே நாங்க குடுக்க முடியும், நீங்க யாரு கேக்கறதுக்கு?" மூன்று பேருமே அவரவர் இடத்தில் சரியாகத்தான் பேசினார்கள், அதுதான் கடுப்பு.

இந்தச் சுற்றை உடைத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள், அவ்வளவுதான் செலவு. ஆனால் கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். 'ஏன் தூர்வாரவில்லை' என்று கேட்டால் உருப்படியாக ஒன்றும் வராது, காரணம் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று முடித்துவிடுவார்கள். இந்தச் சர்வே எண்ணுக்கான 'அ' பதிவேட்டுப் பக்கத்தின் (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகல், நில வரைபட நகல், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் பொருத்தம் காட்டும் பட்டியல், இந்த நீர்நிலையைப் பராமரிக்கும் துறையின் பெயர் என்று ஆவணமாகக் கேளுங்கள். ஒரே கேள்வியை எல்லா அலுவலகத்துக்கும் தனித்தனியாக விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. எங்களுக்கு ஒரு பதில் முன்பே வந்தது, ஒன்று மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. அதில் 'மாநகராட்சி பராமரிப்பு' என்று முத்திரையோடு ஒரு வரி இருந்தது. அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அதற்கப்புறம் அளவை. சர்வேயர் நல்ல மனிதர், காலையிலேயே வந்துவிட்டார். வரைபடப்படி கரையோரம் ஒரு எல்லைக்கல் இருக்க வேண்டும், எங்கு தேடியும் காணவில்லை. கடைசியில் ஒரு வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டிருந்தது. மேலே சோப்பு நுரை, ஓரத்தில் அம்புக்குறி. "தம்பி, கல்ல எடுத்துக்கினு போய்டாதீங்க, பத்து வருஷமா இதுலதான் துணி தொவைக்கிறேன்" என்றார் அந்த அம்மா. கல் இடம் மாறியிருந்ததால் வேறு இரண்டு புள்ளிகளிலிருந்து அளந்துதான் எல்லையைப் பிடித்தார்கள். அவர் வீடு எல்லைக்கு வெளியேதான் வந்தது. எங்களுக்கே மூச்சு வந்தது, ஏனென்றால் அவரும் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர். அளவைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நடுவில் ஒரு வீண் அலைச்சல். 'ஈரநில ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது' என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நாங்களும் பயந்துபோய் மணலியிலிருந்து சைதாப்பேட்டை பனகல் மாளிகை வரை போனோம். 2017 ஈரநில விதிகளை எடுத்துப் படித்தால், பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்று மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகள் அந்த விதிக்குள்ளேயே வராது. விதியின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்ததும் அந்தப் பேச்சு நின்றது. யாராவது ஒரு சட்டத்தைச் சொன்னால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் தாங்கலின் கலங்கலில் (நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் இடம்) இருந்து போகும் உபரிநீர்க் கால்வாய் கடைசியில் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அந்தக் கடைசித் துண்டில் கடலேற்றத்தின்போது உப்புத்தண்ணீர் ஏறிவரும். கோடையின் உச்சத்தில் தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு எங்கு வரை இருக்கிறதோ அதுவரை கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கணக்கில், அதாவது வேலைகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ள கடலோரப் பகுதிக் கணக்கில், வரும். அங்கே கை வைக்க மாவட்டக் குழு, மாநில ஆணையம் என்று தனி வழி, தனி வரைபடம், தனிக் கட்டணம். முதல் திட்டத்தில் கால்வாயையும் சேர்த்து ஒரே கோப்பாகப் போட்டிருந்தோம், அந்தக் கடைசித் துண்டுக்காக மொத்தமும் நின்றது. மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர்தான், "ரெண்டா பிரிச்சுடுங்க சார், தாங்கல் வேலையாவது நகரும்" என்றார். பிரித்தோம், நகர்ந்தது. இந்த ஒரு யோசனைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

மண் விஷயத்தில் ஜாக்கிரதை. அள்ளிய வண்டலை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோனால் கனிமவளத்துறை வந்துவிடும், அது தனிக் கதை. நாங்கள் ஒரு கைப்பிடி மண்கூட வெளியே போகாது, எல்லாம் கரைக்கும் நடுத்திட்டுக்கும்தான் என்று எழுதிக் கொடுத்தோம். கன அளவுக் கணக்கும் வைத்தோம். அதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் இந்தப் பக்கம் எண்ணெய் எப்படிப் பரவியது என்று எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், கரையில் என்ன மண் கொட்டுகிறோம் என்று தெரிய வேண்டாமா? சீமைக் கருவேலத்தை வெட்டுவதற்கு எதிர்ப்பே இல்லை, வெட்டிய விறகு யாருக்கு என்பதில்தான் கோப்பு சுற்றியது. அரசு நிலத்து மரம், விலை நிர்ணயித்து ஏலம் விட வேண்டும். விறகு எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று தனிக் கடிதம் கொடுத்த பிறகு வேகம் பிடித்தது.

இந்த வேலைக்குப் பணம் தரும் நிறுவனம் அனுமதி நகல் கேட்கும், அனுமதி தருகிறவர்கள் நிதி இருக்கிறதா என்று கேட்பார்கள். 'அனுமதி கிடைத்தால் இவ்வளவு வரை தருகிறோம்' என்று நிறுவனத்திடம் நிபந்தனைக் கடிதம் வாங்குங்கள், இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வார்கள். சங்கத்தின் துணை விதியில் நீர்நிலைப் பராமரிப்பு என்ற நோக்கம் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். எங்களுடையதில் பொங்கல் விழாவும் தெருவிளக்கும்தான் இருந்தன, பொதுக்குழு கூட்டித் திருத்தி, பதிவுத்துறையில் தாக்கல் செய்து, அப்பப்பா. புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டும் ஒரே உட்காரலில் முடிந்தது.

உத்தரவு கைக்கு வந்ததும் முதலில் காலக்கெடுவைப் பாருங்கள். எங்களுக்குக் கையெழுத்தான தேதியிலிருந்து ஆறு மாதம், உத்தரவு வந்ததோ ஆவணி கடைசியில். வடகிழக்குப் பருவமழை வந்து தாங்கல் நிரம்பினால் தை வரை ஜேசிபி இறங்காது, இறங்கும்போது கெடு முடியும் நிலையில் இருக்கும். அன்றைக்கே நீட்டிப்பு மனுவை எழுதித் தபாலில் போட்டுவிட்டு, அத்தாட்சி நகலைக் கோப்பில் செருகி வைத்திருக்கிறோம். கால்வாய்த் துண்டுக்கான கோப்பு தனியாக நடந்துகொண்டிருக்கிறது, உப்பு அளவுக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கச் சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.