வலது டிராக்கில் குடியிருப்பவர்கள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு வேன் ஓட்டுவதுதான் என் பிழைப்பு. மீனாட்சியம்மன் கோயில் தரிசனம் முடிந்த கையோடு பார்ட்டியை ஏற்றிக்கொண்டு கப்பலூர் தாண்டினால், திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர் என்று நால்வழிச்சாலைதான். நல்ல ரோடு. ஆனால் வலது டிராக் முந்துவதற்குத்தான், முந்தி முடித்ததும் இடது பக்கம் வந்துவிட வேண்டும் என்கிற பழக்கம் பாதிப் பேரிடம் இல்லை. இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

லாரிக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டீக்கடை எதிரே பாதி டிராக்கை அடைத்து நிறுத்திய வண்டி, ராங் சைடில் வரும் டூவீலர், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்று இடது பக்கம் எல்லாமே வரும், அதற்குப் பயந்தே வலது பக்கம் போய்ப் பழகிவிடுகிறார்கள். சரி, வலது பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? சென்டர் மீடியனில் அரளி ஆளுயரத்துக்கு நிற்கும். இடைவெளி விட்ட இடத்தில் செடிக்குப் பின்னாலிருந்து பைக்கின் முன்சக்கரம்தான் முதலில் நீட்டும், அப்போது மீடியனை ஒட்டிப் போகிறவருக்குப் பிரேக்கில் கால் வைக்கக்கூட நேரம் இருக்காது.

இன்னொன்று, 2015 அக்டோபருக்குப் பிறகு வந்த லாரி, வேன்களில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத ஸ்பீடு கவர்னர் இருக்கிறது. 78-ல் போகும் லாரியை 80-ல் போகும் லாரி முந்துகிறது என்று வையுங்கள், இரண்டின் நீளமும் முன்பின் இடைவெளியும் சேர்த்து 60 மீட்டர் என்றாலும் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் ஆகும், அதற்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அவ்வளவு தூரமும் பின்னால் லைட் அடித்துக்கொண்டே வரும் கார்க்காரர், முந்தும் லாரி கொஞ்சம் முன்னே போய் இடது பக்கம் இடம் விழுந்ததும் பொறுக்க முடியாமல் இடது பக்கமாகப் புகுகிறார். லாரி டிரைவர் உட்கார்ந்திருப்பதோ வலது பக்கம், இடது பக்கம் ஒட்டி வரும் கார் அவர் கண்ணாடியில் விழாத இடம் உண்டு. அவர் இடது டிராக்குக்குத் திரும்புவதும் இவர் புகுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் கார் நசுங்கிவிடும். இரண்டு கிலோமீட்டர் வேகம்தான் கூடுதல் என்றால் அந்த ஓவர்டேக்கே வேண்டாம், பின்னாலேயே போகலாம்.

புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன்: "தம்பி, முந்தின வண்டியோட ரெண்டு ஹெட்லைட்டும் நடுக்கண்ணாடியில முழுசா தெரியட்டும், இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் வந்துரு. பின்னாடி எவனாவது ஹாரன் அடிக்கிற வரைக்கும் காத்திருக்காத."