சிட்டுவின் தட்டு: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 2

எங்கள் நாய் சிட்டு வந்ததிலிருந்து சமையலறையில் நான் எங்கே நின்றாலும் காலடியில் அவளும் நிற்கிறாள். இதைக் கொடுக்கலாம், அதைக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாகப் படித்து இங்கே எழுதி வைக்கிறேன். முதலில் அவளுடைய எடை: 8 கிலோ. நாய் ஆகாத எதையாவது தின்றுவிட்டால், எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற கேள்விகளோடு டாக்டர் கட்டாயம் கேட்பது எடையைத்தான். 30 கிலோ நாய் தாங்கிக்கொள்ளும் அளவு, 8 கிலோ நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஜூன் 4

இன்று சாக்லேட். அதிலிருக்கும் தியோபுரோமின் என்ற வேதிப்பொருள்தான் சிக்கல். நாயின் உடல் அதை மிக மெதுவாகத்தான் சிதைக்கிறது. இரத்தத்தில் பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை. 40, 50 என்று ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம்.

சிட்டுவுக்குக் கணக்குப் போட்டேன். 160 மில்லிகிராமில் தொந்தரவு ஆரம்பிக்கும். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், அதாவது 80 கிராம். கேக் செய்யப் பயன்படுத்தும் இனிப்பில்லாத கசப்புச் சாக்லேட்டில் கிராமுக்கு 14-க்கும் மேல். அதில் பத்துப் பன்னிரண்டு கிராமே போதும், ஒரு சின்னக் கட்டி. கொக்கோ தூளில் அதைவிடவும் அதிகம். அந்த டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

ஜூன் 5

கொடுக்கக் கூடியவை, சுருக்கமாக: உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி, வேகவைத்த முட்டை, வெறும் சோறு, கேரட், வேகவைத்த பூசணி, விதை நீக்கிய ஆப்பிள், விதையில்லாத தர்பூசணி, கொஞ்சம் வாழைப்பழம். எல்லாம் சேர்த்து நாள் முழுதும் சாப்பிடும் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கேரட் துண்டைச் சிட்டு முதலில் மோந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 9

வெங்காயத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் வாதாடுகிறார்கள். "எங்க நாய் வருஷக்கணக்கா வெங்காயம் போட்ட சாப்பாடுதான் சாப்பிடுது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் இன்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வெங்காயம் செய்யும் சேதம் வெளியிலிருந்து பார்த்தால் உடனே தெரியாது. வெங்காயம், பூண்டு இரண்டிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. பொடியில் அது இன்னும் செறிவாக இருக்கிறது.

கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தின்றால் நாயின் இரத்தத்தில் பாதிப்பு தெரியும் என்கிறார்கள். சிட்டுவுக்கு அது 120 கிராமில் தொடங்குகிறது. ஒரு பெரிய வெங்காயமே போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் தின்றாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். தின்ற அன்று ஒன்றும் தெரியாமலே போகலாம். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகவோ சிவப்பாகவோ போகும், நடக்கவே சோர்ந்து போகும். அந்த நேரத்தில் வெங்காயம் யாருக்கு நினைவிருக்கும்? வெயில், வயசு என்று வேறு காரணம் சொல்வோம். அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சரி என்றார்.

ஜூன் 13

ராத்திரி தோழியின் போன். அவளுடைய நாய் ஒரு பிடி உலர் திராட்சையைத் தின்றுவிட்டதாம். "நல்லா விளையாடிட்டுத்தான் இருக்கு, காலையில பாத்துக்கலாமா?" என்றாள். இப்போதே கிளம்பு என்றேன்.

திராட்சையில் இத்தனை தின்றால் பரவாயில்லை என்று நம்பிச் சொல்ல ஓர் அளவே கிடையாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற விளக்கம் 2021-இல்தான் வந்தது. டார்டாரிக் அமிலத்தின் உப்பான கிரீம் ஆஃப் டார்டார் கலந்து வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததை வைத்துத்தான் அப்படி ஊகித்தார்கள். பழத்துக்குப் பழம் அந்த அமிலத்தின் அளவு மாறுவதால், எண்ணிப் பார்த்து நிம்மதியடைய வழியில்லை. சிறுநீரகம் கெடுவது ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தெரியவரும். வாந்தி எடுக்க வைத்துப் பலன் கிடைப்பதோ முதல் சில மணி நேரத்தில்தான். விளையாடிக்கொண்டிருக்கும் நாயைத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

உப்புத் தண்ணீர் கொடுக்கட்டுமா என்றும் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். உப்பே நாய்க்கு விஷமாகிவிடும். டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். இரவே டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

ஜூன் 16

தோழியின் நாய்க்கு இன்றும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்த அளவு) சரியாக இருக்கிறதாம். டிரிப்ஸை எடுத்துவிட்டார்கள். செய்தி கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 20

சைலிட்டால், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பு. இந்த வரிசையில் எனக்கு அதிகம் பயம் இதன்மேல்தான். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், பற்பசை, சில வேர்க்கடலை வெண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கிறது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத இந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினைக் கொட்ட வைக்கும். பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் வரலாம். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், 0.5 கிராமானால் கல்லீரலும் சேதமாகலாம். சிட்டுவைப் படுக்க வைக்க 0.8 கிராம். சில சூயிங்கத்தில் ஒரு துண்டிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்.

அக்கா மகளுக்குச் சூயிங்கம் இருக்கும் கைப்பையைத் தரையில் வைக்கும் பழக்கம். கதவுக்குப் பின்னால் உயரமாக ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தேன். வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவின் பொருள்பட்டியலையும் படித்தேன்: வேர்க்கடலை, உப்பு, அவ்வளவுதான். அதில் சைலிட்டால் இல்லை. உப்பும் கொழுப்பும் இருப்பதால் சிட்டுவுக்குக் கரண்டி நுனியளவுதான்.