காங்கேசன்துறை வீதி, 226

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று தடவை தொலைபேசி எடுத்துவிட்டார். அதிபர்கள், கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு எல்லாவற்றையும் போன மலர்களிலேயே மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். சரி, நான் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டி றோட்டுக்கு வருகிறேன்.

ரொறன்ரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு பெட்டி பழைய புத்தகங்கள் கிடக்கின்றன. அவற்றில் கதையை விட நான் அதிகம் பார்ப்பது அச்சக முகவரி போட்ட பக்கத்தைத்தான். ஆனந்தா அச்சகம், 226, காங்கேசன்துறை வீதி. மல்லிகை சஞ்சிகை, 234பி, அதே வீதி. ஸ்ரீ சுப்பிரமணிய புத்தகசாலை, 235. மூன்றும் நாங்கள் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கும் வழியில் இருந்தவை. அந்த வயதில் எங்கள் கண்ணில் பட்டது மனோகராத் தியேட்டரின் போஸ்டர்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வீதிக்கு அச்சு மை வாசம் புதிதல்ல. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும் என்று அடுத்த வருடமே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். பக்கத்தில் சிவன் கோயில். அது ஒல்லாந்தர் காலக் கடைசியில் வைத்திலிங்கச் செட்டியார் என்ற வணிகர் கட்டியது. கோயில், பள்ளி, அச்சகம், கடை எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் அடங்கிய இடம் அது.

226இல் ஆனந்தா அச்சகத்தை நடத்தியவர் எழுத்தாளர் வரதர். 1946இல் 'மறுமலர்ச்சி' சஞ்சிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவாவை எங்கள் காலத்து மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்தவர், 1966இல் அங்கிருந்துகொண்டே ஓர் இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினார். தோளில் பையோடு தெருத்தெருவாக நடந்து தானே இதழை விற்றார். எங்களையும் மறித்துக் கையில் தந்திருக்கிறார். காசில்லை என்று நழுவியவர்களில் நானும் ஒருவன். அந்தக் காசு அப்புறம் மலாயன் கபேயில் வடையாகவும் பிளேன்ரீயாகவும் போனது. மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பிய பென்ஷன்காரர் நிறைந்த எங்கள் ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கு வரிசை நின்ற அதே காலத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போய் எங்கள் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். இந்தியச் சஞ்சிகைகள் குறைந்தபோது உள்ளூர் இதழ்களுக்கும் மூச்சு வந்தது. சவர்க்காரத்துக்குக்கூட இதே வீதியில் மில்க்வைற் தொழிற்சாலை இருந்தது. அதன் உரிமையாளர் கனகராசா பனை நடுங்கள் என்று சொல்லி ஓயாதவர். சவர்க்காரம் விற்றவர் சின்னச் சின்ன நீதிப் புத்தகங்களும் அச்சிட்டுக் கொடுத்தார். அதிலே படித்த குறள்தான் எனக்கு இன்றும் தடக்காமல் வருகிறது. வகுப்பில் படித்தது வருவதில்லை.

1981 மே 31, ஜூன் 1 இரவுகளில் நான் ஊரில் இல்லை. பேராதனையில் இருந்தேன். யாழ் பொது நூலகம் எரிந்ததும் அங்கிருந்த 97,000 புத்தகங்களும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்ததை அவ்வளவு பேர் சொல்வதில்லை. வாசிக்கும் இடம், அச்சடிக்கும் இடம், விற்கும் இடம் என்று மூன்றிலும் ஒரே முறையாக நெருப்பு.

இனி எங்கள் மலர்களில் பெரும்பாலும் எழுதப்படாத விஷயம். பெரியகடைப் பக்கம் தையற்கடைகளும் இரும்புக்கடைகளும் வைத்திருந்த முஸ்லிம்களை 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரில் இரண்டு மணித்தியால அவகாசம். அவர்கள் வாழ்ந்த ஐந்து சந்திப் பக்கம் ஒரே நாளில் வெறுமையானது. வந்து வாங்கிப் போன நாங்கள் என்ன சொன்னோம்? நான் அப்போது கனடாவில் பனிக்குச் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30இல், இராணுவம் நெருங்கியபோது, எஞ்சியிருந்த ஊரும் மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது. மல்லிகையின் முகவரியும் பிறகு கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு மாறியது.

போரெல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை போனபோது, 200இலிருந்து எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கண்ணாடிக் கதவுகள், கைத்தொலைபேசிக் கடைகள், பாதிக் கடைகளில் எண்ணே இல்லை. ஓட்டோக்காரத் தம்பி ஒருவர், "ஐயா, காணி பார்க்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். விளங்கப்படுத்த வெட்கமாக இருந்தது.

போன மாதம் பெட்டியைக் கிளறியபோது 226 முகவரி போட்ட ஒரு புத்தகத்துக்குள் மடித்த துண்டு ஒன்று அகப்பட்டது. பெரியகடைத் தையற்காரர், முஸ்லிம் ஐயா ஒருவர், என் முதல் நீளக் காற்சட்டைக்கு அளவெடுத்து எழுதித் தந்த ரசீது. கடைப் பெயர் இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. பென்சிலில் எழுதிய அளவு மட்டும் தெளிவாக இருக்கிறது: இடுப்பு 26. மகளிடம் காட்டினேன். அவள் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அது வேறு யாருடையதோ என்கிறாள்.