வடலூர் அடுப்படியில் ஒரு பூச நாள்

பண்ருட்டியில் பஸ் ஏறும்போது இருட்டு இன்னும் விலகவில்லை. அத்தை மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு கிலோ துவரம்பருப்பு. "வெறுங்கையோட அடுப்புகிட்டப் போகக் கூடாதுப்பா" என்றார். முப்பது வருஷமாக மாதப் பூசத்துக்கு வடலூர் போய்வருகிறவர், வள்ளலாரின் ஞானசபைக்குப் போகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதும் அடுப்புதான்.

நான் அன்று அவரோடு கிளம்பியதற்குக் காரணம் உண்டு. பத்து வருஷமாகத் தியானம் செய்கிறேன். போன வருஷம் ஒரு காலையில் மனசு நன்றாக அடங்கியிருந்த நேரம், வாசலில் ஒரு பெரியவர் வந்து "அம்மா, ஏதாவது சாப்பிடக் குடுங்கம்மா" என்று குரல் கொடுத்தார். காதில் விழுந்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. கிடைத்த அமைதி கலைந்துவிடுமே என்று உட்கார்ந்தே இருந்தேன். கண்ணைத் திறந்து வெளியே போய்ப் பார்த்தபோது தெருவில் யாரும் இல்லை. அன்றிலிருந்து அந்தக் குரல் என்னை விடவில்லை. இதைச் சொன்னபோது அத்தை வேறொன்றும் சொல்லவில்லை, "அடுத்த பூசத்துக்கு என்கூட வா" என்றார்.

பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையை வள்ளலார் தொடங்கியது 1867 மே 23. அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று அவர் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இதையெல்லாம் படித்துத்தான் போயிருந்தேன். ஆனாலும் அந்த அடுப்புக்கு எதிரே நின்றது வேறு அனுபவம். நீளமான அடுப்பு, அதன் மேல் ஆளுயரக் கரண்டி போட்டுக் கிளற வேண்டிய பாத்திரங்கள். வாயில் செருகியிருந்த கட்டையின் நுனி சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாகக் கனன்றது. அனல் முகத்தில் அடித்ததும் கை தானாகக் குவிந்தது. கருவறை முன்னால் நிற்கும்போதுகூட எனக்கு அப்படிக் குவிந்ததில்லை.

அத்தை பருப்பைக் கொடுத்துவிட்டுப் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பந்தி தொடங்கியதும் என் கையில் ரசவாளியைக் கொடுத்தார்கள். இலையைப் பார்த்தபடி வேகவேகமாக ஊற்றிக்கொண்டு போனேன். பின்னாலேயே சாதம் கொண்டுவந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "இலையைப் பாக்காதீங்க தம்பி, முகத்தைப் பாருங்க. கேக்கக் கூச்சப்படறவங்க இருப்பாங்க."

அதற்கப்புறம் முகங்களைப் பார்த்தேன். ஒரு அம்மா இலையில் கொஞ்சம் சாதத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, ரசம் வருகிறதா என்று என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைச் சாய்த்ததும் அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, விரல்கள் மட்டும் அவசரமாகச் சாதத்தைக் குழி பறித்தன. பத்து வருஷமாக மூச்சின் மேல் வைத்துப் பழகிய கவனம், அன்றுதான் முதன்முதலாக இன்னொருவர் பசியின் மேல் போய் நின்றது.

பந்தி முடிந்து மர நிழலில் உட்கார்ந்தபோது, இதுவரை படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கங்களில் முதல் இரண்டு யமமும் நியமமும். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை எல்லாம் அங்கே வந்துவிடும். சமாதி எட்டாவது. பௌத்தத்திலும் சீலம், சமாதி, பிரஞ்ஞை என்றுதான் வரிசை. இப்படிப் படித்துப் படித்து, ஒழுக்கம் என்பது ஏறிப்போக வேண்டிய படிக்கட்டு, மேலே போய்ச் சேர்ந்தால் மெய்ஞ்ஞானம் என்று நானாக எண்ணிக்கொண்டேன். ஏறியவன் கீழே திரும்பிப் பார்ப்பானா என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

ஆனால் அந்த மரபுகளுக்குள்ளேயே நான் சரியாக வாசிக்காமல் தாண்டிப்போன இடங்கள் இருக்கின்றன. ஆளவி என்ற ஊரில் புத்தர் போதிக்க உட்காருகிறார். காணாமல்போன எருதைத் தேடி அலைந்து, களைத்துப் பசியோடு வருகிறான் ஓர் ஏழை உழவன். அவனுக்கு முதலில் சோறு போடச் சொல்கிறார் புத்தர். அவன் உண்டு முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. பசிதான் நோய்களில் பெரிய நோய் என்று அன்று சொன்னதாகத் தம்மபத உரை சொல்லும். மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியும் இந்த வழி வந்ததுதான். பசிப்பிணி என்ற சொல் வள்ளலாருக்கு வெகு காலம் முன்பே இந்த மண்ணில் வேர்விட்டிருந்தது.

தைத்திரீய உபநிஷதத்தில் பிருகு முதலில் அன்னமே பிரம்மம் என்று காண்கிறான். அப்புறம் பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஏறி ஆனந்தத்தில் போய் நிற்கிறான். அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அன்னத்தைப் பழிக்காதே, அன்னத்தைப் பெருக்கு, தங்க இடம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று அடுத்தடுத்து விரதங்கள் வருகின்றன. ஆனந்தம் கண்டவனை உபநிஷதம் மறுபடி அடுப்படிக்கே அழைத்து வருகிறது.

என்னை நேராகத் தைத்தவர் ஜெர்மன் ஞானி எக்கார்ட். சுமார் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி. இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் அடைந்தது போன்ற பரவச நிலையில் ஒருவன் இருந்தாலும், நோயாளி ஒருவருக்குக் கொஞ்சம் கஞ்சி தேவை என்று தெரிந்தால், பரவசத்தை விட்டு எழுந்து போய் அதைக் கொடுப்பதே மேல் என்பது அவர் உபதேசம். என் வாசலில் நடந்ததை யாரோ அவரிடம் போய்ச் சொன்னது போல இருந்தது.

இன்னும் நெருக்கமான ஒற்றுமை ஒன்று உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில், தீர்ப்பு நாளில் "பசியாயிருந்தேன்" என்கிறார் ஆண்டவர். இஸ்லாமில் சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஒரு நபிமொழியிலும் மறுமை நாளில் இறைவன் கேட்கிறான்: ஆதமின் மகனே, உன்னிடம் உணவு கேட்டேன், நீ தரவில்லையே? உலகத்துக்கெல்லாம் அதிபதியான உனக்கு எப்படி உணவு தருவேன் என்று மனிதன் திகைக்கிறான். என் அடியான் ஒருவன் கேட்டானே, அவனுக்குக் கொடுத்திருந்தால் அதை என்னிடத்தில் கண்டிருப்பாய் என்று பதில் வருகிறது.

இதையெல்லாம் வைத்து எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்வது அந்தந்த மரபுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. யோக சூத்திரத்தின் கைவல்யம் என்ற சொல்லிலேயே தனித்து நிற்றல் இருக்கிறது. அரிஸ்டாட்டிலுக்கு மெய்யறிவைத் தியானித்து வாழ்வதே மனித வாழ்வின் உச்சம், மற்ற நற்குணங்களெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். சமண முனிவர் பிற உயிருக்குத் தன்னால் துளித் துன்பமும் வரக்கூடாது என்று விலகி விலகி நடக்கிறார். அந்த நடையை நினைத்தால் எனக்குக் கண் பனிக்கும். ஆனால் அது வேறு பாதை. வள்ளலார் விலகச் சொல்லவில்லை, அருகில் போகச் சொல்கிறார். ஜீவகாருண்யம் மோட்ச வீட்டின் திறவுகோல் என்றார் அவர். திறவுகோலை வாசலில் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவன் நான்.

சாயங்காலம் ஞானசபைக்குப் போனோம். எண்கோண வடிவம், 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம் கண்ட இடம். கொலையும் புலையும், அதாவது புலால் உண்பதும், தவிர்த்தவர் மட்டுமே உள்ளே வரவேண்டும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. ஒழுக்கம் உள்ளே போவதற்கான நிபந்தனை என்று இங்கேயும் நினைத்துக்கொண்டேன். "அப்படி இல்லப்பா" என்றார் அத்தை. "இன்னொரு உசுரோட வலி தெரியாதவனுக்கு உள்ள போனாலும் வெளிச்சம் தெரியாது, அவ்வளவுதான்."

சன்னிதியில் ஏழு திரைகள். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு நிறம். தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலகும், மாதப் பூசத்தில் ஆறு. முதல் திரையான கருப்பு மாயாசக்தியைக் குறிக்கும். கூட்டம் முழுக்க அருட்பெருஞ்ஜோதி மந்திரம் ஒரே குரலாக எழுந்தது. கருப்புத் திரை நகர்ந்தபோது எனக்கு ஜோதியின் நினைவு வரவில்லை, வாசலில் நின்ற அந்தப் பெரியவரின் குரல்தான் கேட்டது. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. திரைகள் ஒவ்வொன்றாக விலகி வெளிச்சம் தெரிந்தது சில நொடிகள்தான். பக்கத்தில் அத்தை தேம்பிக்கொண்டிருந்தார். என் கன்னமும் நனைந்திருந்தது.

வெளியே வந்ததும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அத்தை காதில் வாங்காமல் தருமச்சாலைப் பக்கம் நடந்தார். ராத்திரிப் பந்திக்கு ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே ஒருவர் புதுக் கட்டையை அடுப்பில் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முன்பு சாதம் கொண்டுவந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டு ரசவாளியை நீட்டினார். வாங்கிக்கொண்டு முதல் வரிசைக்குப் போனேன்.